கொழுகொழு குழந்தைக்கு முதல் பரிசு

1. மிஷின் மேல் பழி

ஜூஜுவாடி லைன் வீட்டு மஞ்சுளாவுக்கு மாதம் நிறைந்து பையன் பிறந்தான். எடை இரண்டு கிலோகூட இல்லை. அப்பன் முனிராஜ் எடை மிஷினைத் தட்டிப் பார்த்தான்.

“மிஷினு ரிப்பேரு போலருக்கு சிஸ்டர்.”

எது ரிப்பேர் என்று, அப்போது கிராம நர்ஸாக இருந்த எனக்குத் தெரியாதா? மஞ்சுளா கர்ப்பமாக இருக்கையில் விசிட் போனபோதெல்லாம் அந்த ஒற்றை அறையில் சிகரெட் புகை கண்ணைக் கரிக்கும். முனிராஜுக்குக் கம்பெனியில் பெயின்ட் ஷாப் வேலை. அங்கே பற்றவைத்தால் அன்றே சீட்டு கிழியும். ஷிப்ட் முழுக்க அடக்கியதை வீட்டுக்கு வந்து, ஓசூர்க் குளிருக்குக் கதவையும் சாத்திக்கொண்டு தீர்த்துக்கொள்வான். பெயின்ட்டுக்குத் தந்த மரியாதையைப் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தரவில்லை, மகராசன்.

2. கோப்பை

பிறகு பையனின் எடை மளமளவென்று ஏறியது. கம்பெனி ஃபேமிலி டேயில் கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு இவனுக்கு. கோப்பையோடு முனிராஜ் என் துணை சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டான்.

“பொக பொகன்னு கத்துனீங்களே சிஸ்டர், பாருங்க, எப்பிடி இருக்கான்!”

“வயித்துல இருக்கறப்பவே பொகையில கெடந்த புள்ளைங்க சிறுத்துப் பொறந்து, அப்பறம் இப்பிடி வேகமா எடை ஏறுறது உண்டுப்பா. இது நல்லதுக்கில்ல. டாக்டர்கிட்ட காட்டு.”

“உங்க கண்ணே பட்டுடும் போல” என்று போனவன், பையனுக்கு மிளகாய் சுற்றி அதே அறையில் போட்டுக் கொளுத்தினான். இருந்த புகை போதவில்லை அந்த அறிவாளிக்கு.

3. பேரிகை

அங்கன்வாடிக்குப் போகும் வயதில் பையனால் நாலு படி ஏற முடியவில்லை, மூச்சு வாங்கியது. மஞ்சுளா அழுதுகொண்டே வந்தாள்.

“மறுபடி முழுகாம இருக்கேன் சிஸ்டர். இதுவும் இப்பிடி ஆயிடுமா?”

“மொதல்ல அந்தப் பொகையில இருக்காத” என்றேன். மறுநாளே பையனைக் கூட்டிக்கொண்டு பேரிகையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முனிராஜ் என்னிடம் வந்து குதித்தான். “குடும்பத்தப் பிரிச்சிட்டீங்களே!”

“சிகரெட்ட உட்டியா?”

“கொறச்சிட்டேன்.”

“அப்ப அவ அங்கியே இருக்கட்டும்.”

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸுகளுக்குச் சொல்கிறேன். எடையை மட்டும் பார்த்துக் கை தட்டாதீர்கள், வீட்டுக்குள் போய் மோந்து பாருங்கள். அப்பன்களுக்குப் புத்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முனிராஜுக்கு இன்னும் வரவில்லை. பேரிகையில் நல்ல எடையோடு பிறந்த மகளுக்கு அதற்குள் பல் முளைத்துவிட்டது.