மொட்டமாடிக்குப் போட்ட பூட்டு

கும்மிடிப்பூண்டில என் ஊட்டுக்குப் பின்னால, ஷீட்டு போட்ட ரூமுங்கள வாடகைக்கு வுட்ருக்கேன். கோடைல அங்க குடியிருக்கறவங்கல்லாம் என் மொட்டமாடிலதான் படுப்பாங்க. முன்னல்லாம் அங்க மொளகா காயவெப்போம், அது வேற கத. மானியம் வருதுன்னு அங்க சோலார் போட்டேன். ஒடச்சிடுவாங்கன்னு மாடியப் பூட்டிட்டு, நான் ஏசில படுத்துக்கினேன்.

அந்த ரூமுல ஒண்ணுல இருந்த, கம்பெனி வேலைக்குப் போற கமலா மாசமா இருந்துச்சு. "தாத்தா, உள்ள ஒரே அனலு. மாடில ஓரமா படுத்துக்கறேனே"ன்னுச்சு.

"ஃபேன் இருக்குதுல்ல?"ன்னேன்.

ஒரு நா மத்தியானம் டேப்பு ஒழுகுதுன்னு அது ரூமுக்குப் போனேன். ஃபேன் நெருப்பத்தான் வாரிக் கொட்டுது, என்னால நிக்கவே முடியல. இடுப்புலேந்து சாவிய எடுத்து நீட்டினேன்.

அது மூட்ட கட்டிக்கினு இருந்துச்சு. "இருக்கட்டும் தாத்தா. வேலைய வுட்டுட்டேன், பொன்னேரிக்கு அம்மா ஊட்டுக்கே போறேன்"ன்னுச்சு.

சோலார் போட்டப்போ, அவங்களும் இந்த ஊட்டு ஜனந்தான்னு எனக்குத் தோணவே இல்ல.