சோற்றில் கை வைத்தவன்

சில வருஷங்களுக்கு முன்னால், படாளம் பக்கம் எங்கள் ஊரில், ஒரு கோடைக்கால மத்தியானம் நடந்தது இது. பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று எல்லார் போனிலும் செய்தி வந்துகொண்டிருந்த நேரம். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். ஞாயிற்றுக்கிழமை சபையில்கூட சாட்சி சொல்ல எழுந்திருக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறாள். அவளுடைய கைக்குழந்தையைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்வேன். அன்று குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரப் போனேன். பின்வாசல் வழியாக ஒரு ஆள் உள்ளே ஓடி வந்தான்.

நெற்றியில் ரத்தம், சட்டையெல்லாம் கிழிசல். கைகூப்பி என்னவோ சொன்னான். இந்தி போல இருந்தது, ஒன்றும் புரியவில்லை. நான் தூளியை மறைத்துக்கொண்டு நின்றேன். தெருவில் "புடி, வுடாத!" என்று சத்தம் கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. இவன் நிஜமாகவே பிள்ளை பிடிக்கிறவனாக இருந்தால்? ஒரு குரல் கொடுத்தால் போதும், வந்து அடித்தே கொன்றுவிடுவார்கள். கொடுக்காவிட்டால், என்னை நம்பி விட்டுப்போன குழந்தைக்கு என்ன ஆகுமோ!

'ஆண்டவரே' என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் சோற்றில் கை வைத்தவனை எழுப்ப மாட்டார்கள். எவ்வளவு பகை இருந்தாலும் அவன் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும் என்று நிற்பார்கள். எப்படியோ அது ஞாபகம் வந்தது. அவனை உட்கார வைத்து, தட்டைத் தள்ளி, அவன் கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தேன். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

கூட்டத்துக்கு முன்னால் உருட்டுக்கட்டையோடு நின்றவன் குழந்தையின் அப்பன்தான்.

"ஆயா, அவன் இங்க வந்தானா?"

"வந்தான். துன்னுகினு கீறான்."

"புள்ள புடிக்கிறவனுக்கு சோறு போடறியா? புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? நவுரு!"

"ஒம் புள்ள என் இடுப்புல கீது, பாரு நைனா. துன்றவன் மேல கை வெக்காத. போலீசுக்கு போன் போடு. அவங்க வரட்டும்."

"கறிக்கொழம்பா ஆயா? எங்களுக்கும் ஒரு தட்டு போடேன்" என்று பின்னாலிருந்து ஒருவன் நக்கல் செய்தான். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் ஒருவரும் வாசற்படியைத் தாண்டவுமில்லை. யாரோ போலீசுக்கு போன் பேசுவது கேட்டது.

நான் உள்ளே போய், தின்றுகொண்டிருந்தவன் பக்கத்தில் நின்றேன். தட்டு காலியாகிவிடக் கூடாதே என்று நான் போட்டுக்கொண்டே இருந்தேன். பானையைச் சுரண்டிப் போட்டேன். அதுவும் தீர்ந்து, வடித்த கஞ்சியை ஊற்றினேன். அவனுக்கும் புரிந்துவிட்டதோ என்னவோ, ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தின்றான். வாசலில் கட்டை தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசிப் பருக்கையும் போய், வெறும் தட்டை அவன் வழித்துக்கொண்டிருந்தபோதுதான் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டது.

போலீஸ் விசாரித்துச் சொன்னார்கள், கட்டட வேலைக்கு வந்தவனாம். பஸ் மாறி ஏறி, எங்கள் ஊரில் இறங்கி, தெருவில் விளையாடிய பிள்ளைகளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். குழந்தையின் அப்பன் பிள்ளையை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.

நல்லவனைக் காப்பாற்றினாய் என்று சபையில் சொல்கிறார்கள். தட்டை வைத்தபோது அவன் நல்லவன் என்று எனக்குத் தெரியாது. அவன் கெட்டவனாகவே இருந்திருந்தாலும், அந்தத் தட்டைப் பிடுங்கு என்று ஆண்டவர் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். என் இடுப்பில் இருந்த குழந்தையை நினைத்தால், அதுவே இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.