மக்டலீன் பெயர் இருந்த கணக்கு

இக்னேசியஸ் அண்ணையைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. கடல் கடந்து வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தோம். அவர் மன்னார்க்காரர். மனைவி மக்டலீன் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார். தொண்ணூற்றுமூன்றில் அண்ணை வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பிறகு வேலையிழந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் அன்எம்ப்ளோய்மென்ற் காசில்தான் லொட்ஜ் வாடகை போனது.

போதாக்குறைக்கு, சீமோன் என்பவன் வான் வாங்க எடுத்த கடனுக்கு இவர் பிணை நின்றிருந்தார். ஊரில் ஒரே கோயில் ஆள், கேட்டால் மறுக்கலாமா? சீமோன் கடனைக் கட்டாமல் வானோடு தூரத்துக் கல்கரிப் பக்கம் மாறிவிட்டான். வங்கி இவரைப் பிடித்துக்கொண்டது. கடனைக் கட்ட வழியில்லை என்று சட்டப்படி எழுதிக் கொடுத்து வங்குரோத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த அலுவல் பார்க்கும் வெள்ளைக்காரரிடம் மொழிபெயர்க்க நான் கூடப் போனேன்.

"அண்ணை, கடன் தந்த பாங்கிலதான் உங்கடை அன்எம்ப்ளோய்மென்ற் காசும் விழுகுதாம். கடனுக்கெண்டு சொல்லி எந்த நேரமும் அதை எடுத்துப்போடுவாங்களாம். வங்குரோத்துப் பேப்பர் போடமுதலே வேறை பாங்கில கணக்குத் திறந்து, காசை அங்கை மாத்தட்டாம்."

"அந்தக் கணக்கை விடேலாது தம்பி."

காரணத்தைச் சப்வேயில் வரும்போதுதான் சொன்னார். அது இருவர் பெயரிலும் உள்ள கணக்கு. வங்கியில் முன்பிருந்த மனேஜர் இரக்கப்பட்டுக் கையெழுத்து அட்டையைக் கொழும்புக்கு அனுப்ப, மக்டலீன் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"இந்த நாட்டில அவளின்ரை பேரும் என்ரை பேரும் சேர்ந்திருக்கிறது அதில மட்டும்தான்."

வங்கியிலிருந்து வரும் கடித உறையை அவர் ஏன் மாதா படத்தோடு சொருகி வைக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். அடுத்த முறை விழுந்த காசை வங்கி முழுதாக வழித்தெடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தபோது, வாடகை வராததால் அறையை விடச் சொல்லிவிட்டார்கள் என்று மக்டலீன் சொன்னார். அண்ணை திக்கித்திக்கிக் கணக்குக் கதையைச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கும்படி மக்டலீன் கத்தினார்.

"பேரை வைச்சு நான் என்ன செய்யிறது? எனக்கு உங்களைப் பார்க்கவேணும். இஞ்சை இருக்க இடமில்லாமல் போனால் நான் எப்பிடி அங்கை வந்து சேருறது? நாளைக்கே போய் மாத்துங்கோ!"

அப்பார்ட்மென்டில் இருந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அந்த வாடகையை அனுப்பினோம். மறுநாள் காலையில் நானும் அவரும் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் ஒரு பெயரா, இரண்டு பெயரா என்று கேட்டாள்.

"ஒண்டு," என்றார் அண்ணை. எழுதப் போனவர் பேனையைப் பிடித்தபடி நின்றார்.

"தம்பி, பிறகு அவளின்ரை பேரைச் சேர்க்கேலுமோ எண்டு கேள்."

கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"அது ஒரு வேலையுமில்லையாம் அண்ணை. அவவை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தால் காணுமாம், வேறொண்டும் தேவையில்லையாம்."

"கூட்டிக்கொண்டு வந்தால் காணுமாம்," என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு பேனையை வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே அழத் தொடங்கினார்.