சட்டை மாறினால் பூஜ்யம்

எங்கள் வீட்டுக் கராஜில் கார் நின்று நான் பார்த்ததே இல்லை. டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோ ஊர் வெயிலில் இரண்டு கார்களும் வெளியே கிடந்து வேகும். உள்ளே ராஜா மாதிரி ஒரு வலை நிற்கும். அண்ணன் பேஸ்பால் வீசிப் பழகுவதற்காக அப்பா வாங்கிக் கட்டிய வலை, அதற்குப் பின்னால் முட்டுக்கொடுத்த ஒரு பழைய மெத்தை. பள்ளிக்கூடம் விட்டு அண்ணன் வந்ததும் ‘தொப்’, ‘தொப்’ என்று பந்து விழும் சத்தம் சமையலறைச் சுவர் வழியாகக் கேட்கும். அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு ஏழு. அந்தச் சத்தம் இருந்தால்தான் எனக்குப் பால் தொண்டையில் இறங்கும் என்று அம்மா கேலி செய்வாள்.

அப்பா சென்னையில் கிரிக்கெட் பைத்தியமாக இருந்தவர். அமெரிக்கா வந்து பேஸ்பால் பைத்தியமானார். பைத்தியம் அதேதான், ஆட்டம்தான் மாறியது. டிவியில் மேட்ச் ஓடினால் வீட்டில் யாரும் குறுக்கே போகக் கூடாது. எந்த ஆட்டக்காரனுக்கு எத்தனை வருஷக் கான்ட்ராக்ட், எவன் முழங்கை ஆபரேஷனில் இருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் பிறந்தநாளைத்தான் அம்மா ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். பந்து வீசுகிற இளம் பிட்சர் யாரையாவது அதிக நேரம் வீசவிட்டால் அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “அறிவிருக்கா இந்த மேனேஜருக்கு? சின்னப் பையன்யா அவன்! கை போச்சுன்னா நீயா குடுப்ப?” என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருமுறை என்னமோ ஏதோ என்று கதவைத் தட்டியிருக்கிறாள்.

ஒரு நாள், ஒரு பிட்சர் பெரிய கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுவதை டிவியில் காட்டினார்கள். “இத்தனை பணம் எதுக்குப்பா?” என்று கேட்டேன். “ஆளுக்கு இல்ல பாப்பா, கைக்கு. கையைத்தான் வாங்குறாங்க” என்றார் அப்பா.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கையை வாங்கினால் எப்படிக் கொண்டுபோவார்கள்? அன்றிலிருந்து அண்ணன் சாப்பிடும்போது அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கை முழுசாக நீளாது. கொஞ்சம் மடங்கியேதான் இருக்கும். அவன் சோபாவில் தூங்கும்போது அது மட்டும் தனியாகத் துடிக்கும். அவன் அசையாமல் கிடப்பான், விரல்கள் மட்டும் இல்லாத பந்தைப் பிடித்துப் பிடித்து விடும். நான் ரிமோட்டை எடுக்கக்கூட அந்தப் பக்கம் போக மாட்டேன்.

அண்ணன் இரண்டு டீமில் ஆடினான். சனிக்கிழமை உள்ளூர் லீக், நீலச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராகப் போய் ஆடும் டீம், சிவப்புச் சட்டை. பையன்கள் ஒரு நாளைக்கு இத்தனை பந்துக்கு மேல் வீசக் கூடாது, வீசினால் இத்தனை நாள் ஓய்வு என்று இரண்டு இடத்திலும் சட்டம் உண்டு. அப்பா சட்டத்தை மதிக்கிறவர். உள்ளங்கையில் அடங்குகிற கிளிக்கர் ஒன்று வைத்திருந்தார். அண்ணன் ஒவ்வொரு பந்தை வீசும்போதும் ‘கிளிக்’. அதில் எண் ஒவ்வொன்றாக ஏறும். சனிக்கிழமை மேட்ச் முடிந்து காரில் ஏறியதும் அண்ணன் பின் சீட்டில் நீலச் சட்டையைக் கழற்றுவான். அப்பா கிளிக்கரின் பக்கவாட்டுத் திருகைத் திருப்புவார். எண்கள் எல்லாம் சரசரவென்று ஓடிப் பூஜ்யத்தில் வந்து நிற்கும். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். சில நாள் நான்தான் திருகுவேன் என்று அடம்பிடித்து வாங்கித் திருகியிருக்கிறேன்.

அந்தக் கோடையில்தான் ஒரு பெரியவர் வர ஆரம்பித்தார். வெளுத்த தொப்பி, மடக்கு நாற்காலி, மடியில் பந்தின் வேகத்தை அளக்கும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. கம்பி வேலிக்குப் பின்னால் உட்காருவார். யாருடனும் பேச மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அண்ணன் வீசும்போது கருவியைத் தூக்குவார், வேறு பையன் வந்தால் இறக்கிவிடுவார். சனிக்கிழமை எங்கள் ஊர் மைதானத்தில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை டோல்வே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போய் இறங்கினால் அங்கேயும் வேலிக்குப் பின்னால் அந்தத் தொப்பி இருக்கும்.

“ஏங்க, அந்தாளு பார்வையே சரியில்லைங்க. நம்ம பையனையே முறைச்சுப் பாக்குறாரு” என்றாள் அம்மா.

“நீ வேற! ஸ்கவுட்டா இருக்கும்டி. பெரிய டீம்காரங்க ஆளு. இப்பவே நோட் பண்றாங்கன்னா சும்மாவா?” அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

எனக்குத் தெரிந்துவிட்டது. கையை வாங்குகிறவர் வந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து எங்களிடமே வந்தார். நான் அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவருடைய வலது கையும் முழுசாக நீளவில்லை. முழங்கையின் உட்பக்கம் வெள்ளையாக, நீளமாக, பூரான் படுத்திருப்பது மாதிரி ஒரு தழும்பு. அப்பாவிடம் ஆங்கிலத்தில், “இவனை நேற்றும் பார்த்தேன். நீலச் சட்டையில் வீசினான்” என்றார். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அப்பா உற்சாகமாக, “ஆமாம் சார், அவனுக்கு இந்த ஆட்டம் என்றால் உயிர்” என்றார். பெரியவர் அப்பாவின் கையிலிருந்த கிளிக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து ஞாயிறு மாலை தவறாமல் அம்மா அண்ணனுக்குச் சுற்றிப்போட ஆரம்பித்தாள். காய்ந்த மிளகாய், கல் உப்பு, கடுகு, காலடி மண். காலடி மண்ணுக்கு அண்ணனின் ஷூவைத் தட்டினால் போதும், மைதானத்துச் செம்மண் கொட்டும். “ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, வந்தவங்க கண்ணு, போனவங்க கண்ணு, வேலிக்குப் பின்னாடி உக்காந்திருக்கிறவன் கண்ணு” என்று சுற்றிவிட்டு மூன்று முறை துப்பச் சொல்வாள். துப்புவதில் மட்டும் அண்ணனுக்குக் கூச்சமே கிடையாது. பிறகு எல்லாவற்றையும் இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றுவாள். நெடி கிளம்பி நாங்கள் நால்வரும் இருமித் தள்ளுவோம். மறு நொடி ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டும். அதனால் அப்பா முன்கூட்டியே நாற்காலி மேல் ஏறி, துண்டை வீசியபடி அலாரத்துக்குக் கீழே தயாராக நிற்பார். இருமல் வந்தால் திருஷ்டி இல்லை, நெடியே வராவிட்டால்தான் பயம் என்று அம்மா சொல்லியிருந்தாள். நெடி வராமல் நான் பார்த்ததில்லை.

கடைசி மேட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முந்தின நாள் நீலச் சட்டையில் அண்ணன் நிறைய வீசியிருந்தான். காலையில் பல் தேய்க்க அவன் இடது கையால் பிரஷைப் பிடித்ததை நான் பார்த்தேன். “கை எப்படிடா இருக்கு?” என்று அப்பா கேட்டதற்கு, “ஐ’ம் ஃபைன், ப்பா” என்றான். அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான்.

மேட்ச் பாதியில் காற்று நின்றுவிட்டது. கொடிக்கம்பத்தில் கொடி தொங்கியது. விடாமல் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன. வானம் பாசிப்பயறு வெந்த தண்ணீர் மாதிரி பச்சையாக மாறியது. டெக்சாஸில் வானம் பச்சையானால் ஆலங்கட்டி மழை வருகிறது என்று அர்த்தம். மின்னல் தெரிந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். கோச் அண்ணனிடம் கையைப் பற்றி ஏதோ கேட்டார். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா கிளிக்கரை உயர்த்திக் காட்டி, “லிமிட்டுக்கு இன்னும் நிறைய இருக்கு! முடிச்சிடு!” என்று கத்தினார்.

அப்போது அந்தப் பெரியவர் எழுந்தார். எப்போதும் கடைசிப் பந்துவரை இருக்கிறவர், நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்துக்கு முதுகைக் காட்டி நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அண்ணன் வீசினான். முருங்கைக்காயை ஒடிப்பது மாதிரி ஒரு சின்னச் சத்தம். பந்து எங்கோ வானத்துக்குப் போனது. அந்தப் பந்துக்கும் அப்பாவின் விரல் பழக்கத்தில் ‘கிளிக்’ என்று அழுத்திவிட்டது. அண்ணன் அழவில்லை. தன் கையை யாருடைய கையோ என்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். அதே நேரத்தில் ஊரெங்கும் புயல் சைரன் ஊளையிட ஆரம்பித்தது. அம்மா “ஐயோ, என் புள்ள!” என்று கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள். நான் வேலியைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில், பையன் எவ்வளவு வீசினான் என்று டாக்டரம்மா கேட்டாள். அப்பா கிளிக்கரை நீட்டினார். அதிலிருந்த எண் சட்டத்துக்கு உட்பட்டதுதான். கழுத்திலிருந்து தொங்கிய துணித் தொட்டிலில் கை போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் தலையைத் தூக்காமல், “டாட், தட்’ஸ் ஒன்லி ரெட்” என்றான்.

டாக்டரம்மா டைப் அடிப்பதை நிறுத்தினாள். அம்மாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள். வீடு வந்து சேரும்வரை காரில் அண்ணன் சட்டை மாற்றவில்லை, நான் கிளிக்கரைக் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மிளகாயை எடுத்தாள். இன்னும் முழுசாக இருட்டவில்லை. மழை விட்டு வானம் மஞ்சளாகக் கிடந்தது. அண்ணனைச் சோபாவில் உட்காரவைத்துச் சுற்றினாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, வந்தவங்க கண்ணு, போனவங்க கண்ணு. அத்தோடு கொஞ்சம் நிறுத்தினாள். வேலிக்குப் பின்னால் இருந்தவரை அன்று விட்டுவிட்டாள். அவருக்குப் பதிலாக, “பெத்த கண்ணு” என்றாள். சத்தமாகவும் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்தும் சொல்லவில்லை. புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறாளே, திருஷ்டி சீக்கிரம் போய்விடும் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சட்டி காய்ந்தது. மிளகாய் கறுத்தது, கடுகு வெடித்தது, புகை சுருண்டு மேலே போனது. நாற்காலி மேல் அப்பா துண்டோடு நின்றார். நான் இருமலுக்காக வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அம்மா இருமவில்லை, அண்ணன் இருமவில்லை. புகை அலாரத்தைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. அலாரமும் வாயைத் திறக்கவில்லை. மிளகாய் கரியாகும்வரை அந்த வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அப்பா நாற்காலியிலிருந்து இறங்கினார், துண்டை அதன் முதுகில் மடித்துப் போட்டார், கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ‘தொப்’ என்று கேட்டது.

தினமும் கேட்கிற அதே சத்தம். ஆனால் அண்ணன் என் பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவன் கை மட்டும் எழுந்து கராஜுக்குப் போய்விட்டதோ என்று பதறி, தொட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். கை இருந்தது, சூடாக இருந்தது. மறுபடியும் ‘தொப்’. அதற்குப் பிறகு ‘கிளிக்’. அப்பாதான் என்று அப்போதுதான் தைரியம் வந்தது. சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து வீசுகிறவர் மாதிரி வீசிக்கொண்டே இருந்தார். நடுவில் எண்கள் சரசரவென்று ஓடும் சத்தம் வருமென்று காத்திருந்தேன். வரவே இல்லை. அம்மா சமையலறையில் கரிந்த சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், போய்க் கூப்பிடவில்லை. கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை அப்பாவால் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. தூக்கப் பார்த்தார், காபி மேஜை முழுக்கக் கொட்டியது. பக்கத்தில் கிளிக்கர் கிடந்தது. அதில் அவ்வளவு பெரிய எண்ணை நான் பார்த்ததே இல்லை. யாரும் அதைத் திருப்பவில்லை. அண்ணன் தன் இடது கையால் அவனுடைய டம்ளரை அப்பாவின் இடது கைப் பக்கம் நகர்த்தினான். அப்பா முகத்தை மூடிக்கொண்டார்.

“அம்மா, அப்பாவுக்கும் சுத்திப் போடு. யாரோ கண்ணு வெச்சுட்டாங்க” என்றேன்.

அம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் கராஜ்வரை எப்படி வந்தார் என்று இவர்களில் ஒருவருக்கும் அக்கறை இல்லையே என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, கராஜுக்குப் பின்னால் ஈரப் புல்லில் நாற்காலிக் கால் பதிந்த தடம் இருக்கிறதா என்று தேடப் போனேன்.