ஐட்டிஸ் என்றால் வீக்கம்

எனக்குத் தெரிந்த முதல் ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் நோய்களின் பெயர்கள். பள்ளிக்கூடத்தில் பூனைக்கும் பந்துக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நான் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வரக்கூடிய கேடுகளை ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் அக்கா. நான் தரம் ஐந்தில் இருந்த வருடம், கண்டியில் ஒரு தாதியர் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு அவள் படித்தாள். தேர்வு ஆங்கிலத்தில். மருத்துவச் சொற்களுக்கென்றே தனியாக ஒரு தாள். முதல் வரிசையில் தேறுகிற சிலருக்குக் கட்டணம் இல்லாமல் இடம் கிடைக்கும். எங்களுக்கு அந்தச் சிலரில் ஒருத்தியாக அவள் வருவதைத் தவிர வேறு வழி இல்லை.

வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர்தான். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. தீபாவளிக்கு வருவார், சில வருடம் அதுவும் இல்லை. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருந்தது அம்மாவுக்கு மட்டும். அந்தப் பேரை வைத்துத்தான் எங்களுக்கு அந்தக் காம்பராவே இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீடு என்பது மலை மாதிரி, யாரும் கொடுக்காமல் தானாகவே இருப்பது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் லயத்தில் போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அக்கா கோயில் மேட்டுக்கு ஏறிப்போய், போனைக் காதில் வைத்து ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பையும் கேட்டுவிட்டு, வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வருவாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் அவளுக்கு ஏதோ பேய் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வந்ததும் காம்பராவுக்கு முன்னால் இருந்த இஸ்தோப்பில் என்னை உட்காரவைத்துச் சொல்லைப் பிரித்துக் காட்டுவாள். எல்லாச் சொல்லுக்கும் தலை ஒன்று, வால் ஒன்று. தலை எந்த உறுப்பு என்று சொல்லும், வால் அதற்கு என்ன கேடு என்று சொல்லும்.

"ஹெபட்டோன்னா?"

"ஈரல்!"

"ஐட்டிஸ்னா?"

"வீக்கம்!"

"அப்ப ஹெபட்டைட்டிஸ்?"

"ஈரல் வீக்கம்!"

இந்த விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கொசு கடித்தால் காலைட்டிஸ், சோறு குழைந்தால் சோறைட்டிஸ். அம்மாவும் சேர்ந்துகொண்டதுதான் யாரும் எதிர்பார்க்காதது. கொழுந்து எடுத்து முடித்து மலையிலிருந்து வந்து, அடுப்புக்கு முன்னால் குந்தி, கால்களில் அட்டை கடித்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். எக்டமி என்றால் உறுப்பை வெட்டி எடுப்பது என்று அக்கா சொன்ன அன்று, "அட, கவ்வாத்துன்னு சொல்லேன்" என்றார். தேயிலைச் செடியைக் கழுத்தோடு வெட்டிவிடுவதற்கு எங்கள் பக்கத்தில் கவ்வாத்து என்று பேர். அதற்குப் பிறகு எனக்கு எக்டமி மறந்ததே இல்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் அக்காவின் மனதில் தங்க மறுத்தது. மெட்டாஸ்டாசிஸ். தலையும் வாலும் பிரித்தாலும் பொருள் நிற்கவில்லை. புற்றுநோய் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பரவுவது என்று அவள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள்.

"நம்ம கொப்புள நோய் மாதிரி" என்றார் அம்மா, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "நாலாம் நம்பர் மலையில எலையில புள்ளி விழும். மருந்தடிக்கிறதுக்குள்ள அஞ்சாம் நம்பர் மலைக்குப் போயிருக்கும். அதானே?"

"அதேதாம்மா" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சொல் அன்றைக்கே மூன்று பேருக்கும் பாடமாகிவிட்டது.

அம்மாவுக்கு அப்போதே வயிற்றுவலி இருந்தது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். ஒரு காலையில் முகம் கழுவிவிட்டு அவர் நிமிர்ந்தபோது கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தது நான்தான். "ஜோண்டிஸ்!" என்று கத்தினேன். சரியான விடை சொன்ன சந்தோஷம். அக்கா என்னைப் பாராட்டவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் வார்டில் சேர்த்து, ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று நாங்கள் கட்டிலருகே நின்றிருந்தோம். பெரிய டொக்டர் சிங்களவர், தன்மையானவர். வீட்டில் பெரியவர்கள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். கணவர் கொழும்பில் இருக்கிறார் என்று அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தவில்லை. அக்காவைக் காட்டி, இது என் மூத்த மகள், நர்சுக்குப் படிக்கப் போகிறாள், இங்கிலீஷ் எல்லாம் பேசுவாள் என்றும் சொன்னார். அப்படி ஒரு பெருமையை அதுவரை நான் அம்மாவின் முகத்தில் பார்த்ததில்லை.

டொக்டர் அக்காவைப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளையும் நோயாளியும் புரிந்துகொள்ள முடியாத பாஷை ஒன்று கிடைத்துவிட்ட நிம்மதியோடு, அவளிடம் மெதுவாக ஆங்கிலத்தில் பேசினார். நீளமாகப் பேசினார். எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை அவர் எங்களைவிட அழகாக உச்சரித்தார்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அம்மா கேட்டார். "என்னவாம்?"

அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்லம்மா. ஈரல்ல..." என்று தொடங்கியவளுக்கு மேலே வரவில்லை.

அம்மா அவள் முகத்தையே பார்த்தார். "வீக்கமா?" என்றார்.

"ஆமாம்மா. வீக்கம்தான்."

"அப்ப ஐட்டிஸ்."

"ஆமா. ஐட்டிஸ்தான். மாத்திரையில வத்திருமாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா தப்பாகச் சொல்கிறாள். இத்தனை மாதம் படித்தவள், பரீட்சைக்குப் பத்து நாள்கூட இல்லாத நேரத்தில், எனக்கே தெரிந்த சொல்லைக் கோட்டைவிடுகிறாள். "இல்லக்கா, டொக்டர் சொன்னது..." என்று நான் வாயைத் திறந்ததும், அம்மா என் கையை எட்டிப் பிடித்தார். பலவீனமான கை, ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது.

"அக்கா பெரிய படிப்பு படிச்சவ. அவளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியப்போவுது? போய்த் தண்ணி புடிச்சிட்டு வா."

நான் போத்தலை எடுத்துக்கொண்டு முறைத்தபடி போனேன்.

மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா பரீட்சைக்குப் போகமாட்டேன் என்றாள். உடம்பு சரியில்லாத அம்மாவை விட்டுவிட்டுப் போக முடியாது என்றாள். போர்வைக்குள் கிடந்த அம்மா கேட்டார்: "எனக்கென்ன? வீக்கந்தானேன்னு நீதானே சொன்ன. மாத்திரையில வத்துற வீக்கத்துக்குப் போயி பரீட்சைய விடுவியா? இல்ல, வேற ஏதாச்சும் இருக்கா?"

அக்கா மாட்டிக்கொண்டாள். தான் சொன்ன பொய்யைத் தானே காப்பாற்ற வேண்டியிருந்தது. ஹட்டனிலிருந்து முதல் ரயிலில் கண்டிக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். மூன்றாவது கேள்வியிலேயே அந்தச் சொல் இருந்ததாம். அதற்கு மட்டும் யோசிக்காமல் எழுதினேன் என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். அம்மாவுக்குத் தெரியும் என்பது உனக்கு எப்போது தெரிந்தது என்று அப்போதுதான் நான் கேட்டேன். "ஐட்டிஸ்னு அவங்களே எடுத்துக் குடுத்தப்ப" என்றாள்.

கடைசி நாட்களில் அவர்கள் இருவரும் வீக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பாள் அக்கா. ஆமாம், எனக்கே தெரிகிறது என்பார் அம்மா. நான் நடுவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன்.

பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே அம்மா போய்விட்டார். அப்பா கொழும்பிலிருந்து வந்து காரியங்களைச் செய்தார். அவர் இன்னும் கிளம்பாமல் இருந்தபோதே கோயில் மேட்டில் அக்காவுக்குக் கண்டியிலிருந்து போன் வந்தது. அக்கா முதல் வரிசையில் தேறியிருந்தாள். அடுத்த மாதமே வந்து சேர வேண்டும், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும்.

அதே வாரத்தில், தோட்டத்து வேலைக்கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையும் வந்தார். கெட்டவர் இல்லை. எங்கள் வாசலில் நிற்கவே கூச்சப்பட்டார். தோட்டத்தில் பேர் இருந்த ஆள் இல்லாமல் போனதால், வீட்டில் இன்னொருவர் பேர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லச் சொன்னார் என்றார். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்பா அவரைப் படி வரை போய் அனுப்பிவைத்தார். பிறகு அக்காவிடம், "கடையில எனக்குப் படுக்கவே எடமில்ல. இந்தப் புள்ளைய நான் எங்க கொண்டு வச்சிக்கிறது? இப்போதைக்கு நீ பேரப் பதிஞ்சிக்க. அடுத்த வருசம் படிக்கலாம்" என்றார்.

"இந்த வருசம் விட்டா எடம் போயிரும்பா."

"நீ கெட்டிக்காரி. மறுபடியும் எழுதுனா மறுபடியும் பாஸ் பண்ணுவ."

அவளுடைய கெட்டிக்காரத்தனத்தையே அதற்கும் ஒரு காரணமாகச் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். அந்த அடுத்த வருடம் இன்றுவரை வரவில்லை. அக்கா இன்றும் கொழுந்து எடுக்கிறாள். லயத்தில் யாருக்காவது மருந்துச் சீட்டில் எழுதியது புரியவில்லை என்றால் அவளிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

ஆனால் அந்த வாரம் என்னைப் போலச் சந்தோஷமாக இருந்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அம்மாவும் இல்லாமல், அக்காவும் கண்டிக்குப் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று பயந்து கிடந்தவள் நான். அக்கா போகவில்லை. காலையில் அவள் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனாலும், சாயங்காலம் திரும்பி வந்து எனக்குச் சோறு போடுவாள்.

எங்கள் வகுப்பு டீச்சர் அக்காவுக்கும் சின்ன வயதில் படிப்பித்தவர். யார் வீட்டிலாவது நல்ல விசயம் நடந்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டும், எல்லோரும் கை தட்ட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த பழக்கம். நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று அவர் என்னை அருகே அழைத்து, "அக்கா பாஸாமே? எப்ப போறா?" என்று கேட்டார்.

நான் வகுப்புப் பக்கம் திரும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அக்கா போகல டீச்சர். அவளுக்கு இங்கயே வேலை கெடச்சிருச்சு!"

பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் மட்டும் தட்டவில்லை. எனக்கு வந்த கோபத்தில், அன்று முழுவதும் நான் அவரோடு பேசவே இல்லை.