நான் நிரப்பிய சீசா

எங்கள் தெருவில் மூன்று சாயப்பட்டறைகள், ஒரு அரிசி மில், அவற்றுக்கு நடுவே பதினெட்டு வீடுகள். மில் புகை இல்லாத நாளில் பெரிய காஞ்சிபுரத்துக் கோபுரம் தெரியும். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு கிணறு உண்டு. பட்டறையில் அன்றைக்கு என்ன நிறம் தோய்க்கிறார்களோ, அதைக் கிணறு இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் வெளிறக் காட்டும்.

என் பெண்ணுக்கு அப்போது ஒன்றரை வயது. மாதம் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. டாக்டர் தண்ணீர்தான் காரணம் என்றார். அதற்குள் நான் பால்காரரைச் சந்தேகப்பட்டு, அவரை நிறுத்தி, மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தேன். மணலும் கரியும் போட்ட மூன்றடுக்குப் பானையில் இரண்டு முறை வடிகட்டி, காய்ச்சித்தான் அவளுக்குக் கொடுத்தேன். அப்படியும் தடவை குறைந்ததே தவிர நிற்கவில்லை. தெருக்குழாய் வந்தால்தான் வழி.

அதற்காகக் குடியிருப்போர் சங்கம் தொடங்கினார்கள். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் தலைவர். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் செயலாளர். நகராட்சிக்கு மனுவை நான்கு முறை எழுதினேன். 'தாழ்மையுடன்' என்று ஒரு இடத்தில் போட்டால் போதுமா என்று தீர்மானிக்க முடியவில்லை.

அதிகாரி நேரில் வருவதாகப் பதில் வந்தது. வீட்டுக்கு ஒரு சீசா கிணற்றுத் தண்ணீர், கதவு எண் ஒட்டி, தலைவர் வீட்டு பெஞ்சில் வைக்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது.

அன்று காலை என் கிணற்றில் அரக்கு நிறம். சீசாவில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். இதையா குழந்தைக்குக் கொடுக்கிறாய் என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? கொட்டிவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சி வைத்திருந்த பானைத் தண்ணீரை நிரப்பினேன்.

பெஞ்சில் பதினேழு சீசா சிவப்பாக இருந்தன. அதிகாரி பதினெட்டாவதை எடுத்தார்.

"இதுவும் இந்தத் தெருக் கிணறுதானா?"

"ஆமாங்க சார்" என்றேன். அது பொய் இல்லை.

முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். "நல்லாத்தானே இருக்குது" என்று எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரம்மா என் அருகில் வந்தார். "என்னாமா பண்ணிக்கினு வந்த?"

"வடிகட்டினேன் அக்கா."

"பொண்ணு பாக்கவா வந்தாங்க? தண்ணிக்குப் பவுடர் பூசி அனுப்பிக்கீறியே."

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. ஒரு வீட்டுக் கிணறு குடிக்கத் தகுந்ததாக இருப்பதால் தெருவாசிகள் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருந்தது. மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மா குடத்தோடு வாசலில் நின்றார்.

"ஆபீசர் உத்தரவும்மா. ஊத்து."

இரண்டாவது மனு எழுதினேன். 'தாங்கள் அருந்திய தண்ணீர் இரண்டு முறை வடிகட்டிக் காய்ச்சப்பட்டது. தவறு செயலாளருடையது.' தலைவர் படித்துவிட்டு, "இவ்வளவு விவரம் வேணுமாம்மா? சங்கத்துக்கு மரியாதை போயிடும்" என்றார். அந்த வாரமும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. வேணும் என்றேன். கீழே செயலாளர் என்று கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை சீசாவை அவரே கொண்டுவந்தார், என் கிணற்றில் வாளியையும் அவரே இறக்கினார். மாம்பழ நிறத்தில் தண்ணீர் வந்தது. சீசாவில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதையா எனக்குக் குடுத்தீங்க?"

"இதைத்தாங்க. வடிகட்டி."

என்ன எழுதினார் என்று காட்டவில்லை. வீடு தேடி வந்தவருக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுத்தேன். டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன். மறு மாதம் தெருமுனையில் குழாய்க்குக் குழி தோண்ட ஆட்கள் வந்தார்கள்.