புளியங்கட்டையில் ஒரு குமிழ் ஆணி

எங்கள் பக்கத்தில் புளிய மரத்தை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். கதவு, ஜன்னல், கட்டில் எதற்கும் ஆகாது. வாங்குகிற ஒரே ஆள் கறிக்கடைக்காரர்தான். அவரும் ஒரு கட்டை வாங்கினால் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் சின்னதாக ஒரு மர அறுவை மில் வைத்திருக்கிறேன். ஒரு ரம்பம், ஒரு தகரக் கொட்டகை, வேலைக்கு நானும் என் தங்கையும். வேம்பும் வாகையும் அறுத்து மணை, முக்காலி, சப்பாத்திப் பலகை என்று செய்து விற்கிறோம். நான் அறுத்து இழைத்துக் கொடுப்பேன், அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசுவாள். ஜனங்கள் எங்கள் முக்காலியைத் தடவிப் பார்த்து "சூப்பரா கீதுப்பா" என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக்கொண்டு போவார்கள். பாராட்டுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

இப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் கடற்கரைப் பக்கம் விடுதி நடத்துகிற ஒரு அம்மா வந்தார். அவர் விடுதியில் மீன் வறுவலைத் தட்டில் வைக்க மாட்டார்களாம், மரப்பலகையில் வைத்துத்தான் பரிமாறுவார்களாம். கெட்டியான மரமாக, ஓரத்தில் பட்டை அப்படியே இருக்க, ஐம்பது பலகை வேண்டும் என்றார். அதற்குப் புளியை விடத் தோதான மரம் கிடையாது. புளிய மரத்துப் பேய் கடற்கரை வரைக்கும் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் பெருநகர் போகிற சாலையை அகலப்படுத்த ஓரத்து மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற மரமெல்லாம் விறகுக்குப் போய்விட்டது. வெட்டிப் போட்ட ஒரு பெரிய புளிய மரத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிற பெண்களை அந்த மரத்தடிக்குத்தான் கூட்டிவருவார்கள். பூசாரி உடுக்கை அடித்து ஆடவிட்டு, கடைசியில் உச்சி முடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி மரத்தில் அறைவார். முடியை அறுத்துவிட்டால் பேய் மரத்தோடு நின்றுவிடும், பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆணியைப் பிடுங்கினால் பேய் இறங்கிவிடும் என்று பேச்சு. அதனால் கட்டை மழையிலும் வெயிலிலும் கிடந்தது.

அந்த ஆணிகளில் ஒன்று என் தங்கையுடையது. அடித்தது நான்.

பதிமூன்று வருஷம் ஆகிறது. பெருநகரில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் பிரசவத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. அதன்பிறகு அவள் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தாள். மாமியார் வீட்டில் பேய் என்றார்கள். நாங்களும் ஆமாம் என்றோம், வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மரத்தடியில் நான்தான் அவள் கைகளைப் பின்னால் பிடித்திருந்தேன். பூசாரி கொண்டுவந்த ஆணி முதல் அடியிலேயே வளைந்துவிட்டது. "நீ மர வேல தெரிஞ்சவன், நீயே ஏத்துப்பா" என்று சுத்தியலை என்னிடம் நீட்டினார். அந்த வாரம் நான் ஒரு பெரிய கதவு செய்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் கதவுக்கு அடிக்கிற குமிழ் ஆணி ஒன்று இருந்தது. அதை எடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பி என்னிடம் ஏதோ சொன்னாள். உடுக்கைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.

ஒரு வருஷத்துக்குள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். அன்று முதல் எங்களோடுதான் இருக்கிறாள். பஸ்ஸில் அந்த மரத்தைத் தாண்ட நேர்ந்தால் முன்னாடியே இறங்கி வேறு வழியாகப் போவாள்.

அப்படிப்பட்ட மரத்தை நான் மில்லுக்குக் கொண்டுவந்தேன். ஆர்டர் கை நழுவிப் போனால் மில்லை மூட வேண்டியதுதான் என்ற பயம். அவளிடம் திருப்புலிவனம் பக்கத்து மரம் என்று பொய் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அடிக்கட்டையை, அதாவது ஆள் தலை உயரத்துக்கு ஆணி இருக்கிற பகுதியை, தனியாக வெட்டிக் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடினேன். மேல்கட்டையை மட்டும் அறுப்பது, அதிலேயே ஐம்பதும் தேறிவிடும் என்பது என் கணக்கு.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கட்டை மேல் ஓட்டிப் பார்த்துத்தான் ரம்பத்தில் ஏற்றினேன். மேல்கட்டையின் அடி நுனியிலும் நாலைந்து ஆணி இருந்தது. தங்கை வருவதற்கு முன்னால் வந்து பிடுங்கி ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டேன். ஒன்றில் இன்னும் முடி சுற்றியிருந்தது. மண் நிறத்தில், தேங்காய் நார் மாதிரி. அது எந்த ஊர்ப் பெண்ணோ, அவள் கையை யார் பிடித்திருந்தார்களோ. டப்பாவைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் தைரியம் இல்லை.

பலகைகளை நிழலில் அடுக்கி, நடுவில் குச்சி கொடுத்து, முனையில் சாணி பூசிக் காயவிட்டோம். நாலு மாதம் கழித்து முதல் பத்தைத் தேய்த்து முடித்ததும் விடுதி அம்மா பார்க்க வந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆணி இருந்த இடத்தில் புளிய மரம் கறுத்துப்போகும். இரும்புக் கறை மை கொட்டின மாதிரி நாரோடு நீளமாக ஓடியிருக்கும். அதை நான் குறையென்று நினைத்து அடியில் வைத்திருந்தேன். அவர் அதைத்தான் கையில் எடுத்தார்.

"இந்தக் கறுப்பு எவ்வளவு அழகா இருக்கு! எல்லாமே இப்படியே பண்ணித் தந்துடுங்க."

என் தங்கை பக்கத்தில்தான் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தாள். "அது எப்டிங்க வருது?" என்று அந்த அம்மா கேட்க, நான் "மரத்தோட வாகுங்க" என்று உளறினேன். அப்படி வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கறுப்பு நிறைய இருந்தது தார்ப்பாய்க்கு அடியில் மட்டும்தான்.

தங்கையை ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு அறுக்கலாம் என்று இரண்டு நாள் தள்ளினேன். அவள் போகவில்லை. மூன்றாம் நாள் அவள் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போன நேரம் பார்த்து அடிக்கட்டையை ஏற்றினேன். காந்தம் காட்டிய இடத்திலெல்லாம் தோண்டிப் பிடுங்கியிருந்தேன். குமிழ் ஆணி மட்டும் அகப்படவில்லை. மழையில் துருப்பிடித்து விழுந்திருக்கும் என்று நம்பினேன். மரம் அதை உள்ளே விழுங்கியிருந்தது. பாதி தூரம் போனதும் ஒரு அலறல், பொறி பறந்தது, பிளேடு இரண்டாக அறுந்து கொட்டகைச் சுவரில் போய் அடித்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பினால், தூக்குவாளியோடு அவள் வாசலில் நிற்கிறாள்.

"அடி ஏதும் பட்ச்சாண்ணா?"

இல்லை என்றேன். ஓடிப்போய்க் கட்டையை மறைத்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தைந்து வயசு ஆள், திருடின பிள்ளை மாதிரி. அவள் என்னை விலக்கவில்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். பலகை பிளந்த இடத்தில் குமிழ் பாதியாக அறுபட்டு வெள்ளையாக மின்னியது. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

"இது கதவு ஆணி இல்ல?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உங்கிட்ட சொன்னேனே. எனக்குப் பேயெல்லாம் ஒண்ணும் புடிக்கலண்ணா, கொயந்தய நெனச்சிக்கினு அயுவுறேன்னு. உனுக்குக் கேட்டுச்சா?"

அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பதிமூன்று வருஷத்தில் அவள் கேட்ட ஒரே கேள்வி. ரம்பம் நின்றுவிட்டதால் மறைந்துகொள்ள ஒரு சத்தமும் இல்லை.

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். தூக்குவாளியை என் பக்கம் நகர்த்தி, "ரசம் ஆறிடும், துண்ணு" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம், இரண்டு அறை கொடுத்திருக்கலாம். நான் அழுதேன். அவள் அழவில்லை.

புது பிளேடு போட்டு அறுத்த மற்ற பலகைகள் எல்லாம் காய்ந்ததும் விடுதிக்குப் போய்விட்டன. குமிழ் ஆணி இருந்த அந்த ஒன்றை மட்டும் அவள் கொடுக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்த் தானே காயவைத்து, தானே தேய்த்து, எண்ணெய் பூசி அடுப்படியில் வைத்துக்கொண்டாள். எங்கள் அம்மா பதறிப்போனார்.

"புளிய மரத்த வூட்டுக்குள்ள ஏத்துறியே, ஆவுமா?"

"பேய் போயிட்ச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. அப்பொறம் இன்னா பயம்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

வெங்காயம், கத்திரிக்காய், மீன் எல்லாம் இப்போது அதில்தான் நறுக்குகிறாள். கறுப்பு இருக்கிற பக்கத்தை மேலே வைத்துத்தான் நறுக்குவாள். ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் பலகையைப் புரட்டி வைத்தேன். மறுநாள் காலையில் கறுப்பு மேலே இருந்தது. இன்னும் இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் திருப்பி வைத்தாள். இப்போது நான் அதைத் தொடுவதில்லை. அதில் நறுக்கியதைத்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.